ஜிர்காடாங்: கடல்மட்டத்தில் ஓர் எல்லை

சிக்கிமின் நாதூ லா கணவாய் 4,310 மீட்டர் உயரத்தில் உள்ளது. காங்டாக்கிலிருந்து அனுமதிச்சீட்டுடன் ஜீப்பில் ஏறும் சுற்றுலாப் பயணி எல்லைவேலியைப் பார்த்துவிட்டுத் திரும்பியாக வேண்டும். 2006இல் கணவாய் மீண்டும் திறக்கப்பட்டபோதும், கடக்க அனுமதி பெற்றவர்கள் வணிகரும் பின்னர் கைலாய யாத்திரிகரும் மட்டுமே. வேலிக்கு அப்பால் ஓர் அரசும் அதன் படையும் நிற்கின்றன.

அந்தமானிலும் எல்லையொன்று உண்டு. அதற்கு உயரமும் இல்லை, அப்பால் படையும் இல்லை. ஃபீனிக்ஸ் பேயிலிருந்து தரைவழியே வடக்கே சென்றால் ஜிர்காடாங் சோதனைச்சாவடி வருகிறது. அதைத் தாண்டிய காடு, 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ் ஜாரவாக்களுக்கு ஒதுக்கப்பட்டது. (‘ஜாரவா’ என்பது அயல் இனத்தார் இட்ட பெயர், ‘அந்நியர்’ என்று பொருள். அவர்கள் தம்மை ‘ஆங்’ என்கின்றனர்.) எல்லையை வகுத்த அரசே 1970களில் அதனூடே நெடுஞ்சாலையையும் அமைத்தது. பணியாளர்கள்மீது அம்புகள் பாய்ந்தன. காவலர் துணையுடன் பணி தொடர்ந்தது. அந்த அம்புகளை ‘பகைமை’ என்று பதிவுசெய்வதைவிட, எல்லைக்காவல் என்று வாசிப்பதே பொருத்தம் என்பேன்.

1997இன் இறுதியில் ஜாரவாக்கள் தாமாகவே வெளிவரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நோய்களும் குடியேற்றமும் பெரு அந்தமானியரை 1901இல் 625 பேராகவும் 1961இல் 19 பேராகவும் குறைத்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இச்செய்தி அச்சம் தந்திருக்கும். 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர்.

2002 மே 7 அன்று, காப்பகத்தின் ஊடான சாலைப்பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. காவல் வண்டியின் பின்னால் வாகனங்கள் அணிவகுத்துச் செல்லும் முறையே நீடித்தது: நிறுத்தாதீர், படமெடுக்காதீர், உணவு கொடுக்காதீர். 2013 ஜனவரியில் சுற்றுலா வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட தடையும் மார்ச்சில் விலக்கப்பட்டது.

ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் மக்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர்களுள் தமிழரும் பலர். நள்ளிரவில் நோயாளியைத் தலைநகருக்குக் கொண்டுவர வேண்டியவருக்குச் சாலை உயிர்வழி. ஆயினும் சாலை வருமுன் வடக்கையும் தெற்கையும் இணைத்தது கடலே. வடக்குத் துறைமுகங்களுக்கான கப்பல்கள் ஃபீனிக்ஸ் பேயிலிருந்து இன்றும் புறப்படுகின்றன. அவற்றைப் பெருக்கி, விரைவாக்கி, நோயாளிக்கும் உகந்ததாக்கியிருந்தால் 2002இன் ஆணை செயல்படுத்தக்கூடியதாக இருந்திருக்கும். சாலையை அகலப்படுத்தவும் பாலங்கள் கட்டவும் கிடைத்த நிதி, இப்படகுத்துறைக்கு ஏன் அந்த அளவில் வரவில்லை என்பதே என் ஆய்வின் கேள்வி.