அதிர்வெண்ணும் மீடிறனும்

பழைய வால்வு ரேடியோவின் முகப்புக் கண்ணாடியில் எண்கள் மீட்டரில் இருக்கும். நெல்லைச் சீமையில் இலங்கை வானொலி கேட்டவர்களும் 25 மீட்டர், 41 மீட்டர் என்றே சொல்லிப் பழகினார்கள். அந்த மீட்டர்தான் அலைநீளம்: அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தூரம். விநாடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு அதிர்வெண். இரண்டையும் பெருக்கினால் ஒளியின் வேகம், விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர், வந்துவிடும். ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரியும்.

பிறகு மீட்டர் ஏன் வழக்கொழிந்தது? 1978 நவம்பரில் ஆசிய, ஐரோப்பிய, ஆப்பிரிக்க நாடுகள் மத்திய அலை நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசைப்படுத்தின. திருநெல்வேலி வானொலியின் 1197, தூத்துக்குடியின் 1053 இரண்டும் 9ஆல் மீதியின்றி வகுபடுவது அதனால்தான். மீட்டரில் சொன்னால் இவை 250.6, 284.9 என்று பின்னமாகிவிடும். கிலோஹெர்ட்ஸே வசதி.

தூத்துக்குடி நிலையத்தின் 200 கிலோவாட் அலைபரப்பி இலங்கையையும் எட்டுவதற்காக அமைந்தது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், மத்திய அலை தரையைவிடக் கடலின் மேல் அதிகம் தேயாமல் நெடுந்தூரம் போகும். மன்னார் வளைகுடாவை இப்படி எளிதாகத் தாண்டிய அலைக்கு அக்கரையில் பெயர் வேறு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதிர்வெண் கிடையாது, மீடிறன்தான். மீள், திறன் இரண்டும் புணர்ந்த சொல் அது.

இரண்டில் மீடிறனே கூர்மையானது. இசைக்கவையைத் தட்டினால் உலோகம் அதிர்கிறது. அங்கே அதிர்வெண் கச்சிதம். மின்காந்த அலைக்கோ அதிர ஒரு பொருளே வேண்டியதில்லை, வெற்றிடத்திலும் அது செல்லும். மின்புலமும் காந்தப்புலமும் ஒருசேரக் கூடிக் குறைந்து மீள்வதே அங்கு நடப்பது. அதிர்வெண்ணுக்கும் ஒரு பலம் உண்டு: கேட்ட மாத்திரத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

கலைச்சொல் உழைப்பு நெல்லைக்குப் புதிதல்ல. 1934இல் அங்கே இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், 1938இல் கலைச்சொற்களை நூலாகவே கொண்டுவந்தது. அறிவியலைத் தமிழில் படிக்கும் ஒவ்வொருவரும் அந்தத் தலைமுறைக்குக் கடன்பட்டவர்கள்.

அலைநீளம் என்ற சொல் மட்டும் இரு கரைக்கும் பொது. அதன் வீச்சுக்குக் கொற்கை முத்தே சாட்சி. முத்தின் மேனி, ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சுண்ணத் தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட அதே அளவு, 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடியும் குறைந்தும் கலப்பதால், முத்தைத் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடி மறைகின்றன. தூத்துக்குடியின் 285 மீட்டருக்கும் இந்த அரை மைக்ரோமீட்டருக்கும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது.

பொதுமக்கள் தேர்ந்தெடுத்ததோ அலைவரிசை. அதிர்வெண்ணுக்கும் அதுதான், தொலைக்காட்சிச் சேனலுக்கும் அதுதான், மனம் ஒத்துப்போவதற்கும் அதுதான். எஃப்.எம். வந்ததும், மாடுலேஷனைக் குறிக்கும் பண்பேற்றம் சுருங்கிப் பண்பலை ஆயிற்று. 2ஜி வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்த நாட்களில், ஸ்பெக்ட்ரத்தைக் குறிக்கும் அலைக்கற்றை என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரை வந்து சேர்ந்திருந்தது.