வாசிக்கும் இயந்திரமும் எழுதப்படாத வரலாறும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொம் மிட்செல் தலைமையிலான குழுவினர் 2010 ஜனவரியில் கணினி நிரலொன்றை இயக்கத் தொடங்கினர். ஓய்வின்றி மொழியைக் கற்பது என்னும் பொருள்தரும் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் ‘நெல்’. ‘நகரம்’, ‘நிறுவனம்’ போன்ற வகை ஒவ்வொன்றுக்கும் சில உதாரணங்களே அதற்கு வழங்கப்பட்டன. அது இணையப் பனுவல்களை இரவுபகலாக வாசித்து, அவ்வுதாரணங்கள் பயிலும் வாக்கிய அமைப்புகளை இனங்கண்டு, அவற்றின்வழிப் புதிய செய்திகளைத் திரட்டிற்று. 67 நாள்களில் 242,000க்கும் மேற்பட்ட செய்திகளைச் சேர்த்தது. அவற்றுள் ஏறத்தாழ 74 சதவீதம் சரியானவை என ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

அதன் பிழைகளும் நமது கவனத்துக்குரியன. இணைய உலாவி சேமிக்கும் சிறு கோப்புக்கு ஆங்கிலத்தில் ‘குக்கி’ என்று பெயர். பிஸ்கற்றுக்கும் அதுவே பெயர். இதனால் அந்நிரல் கோப்புகளையும் அடுமனைப் பண்டங்களாகக் கொண்டது. மனிதர் தலையிட்டே அதனைத் திருத்த வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் நாம் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முஸ்லிம்களிடையே வழங்கும் ‘குடி’ என்னும் சொல்லை நோக்கலாம். இங்கு அது தாய்வழிக் குலத்தைக் குறிக்கும். பள்ளிவாசல் மரைக்காயர் தெரிவும் மரபில் குடிவழிப்பட்டதே. பொதுத் தமிழ்ப் பனுவல்களை மட்டும் வாசிக்கும் இயந்திரம் இப்பொருளைத் தவறவிடும் வாய்ப்பே அதிகம். மிகுதியாக எழுதப்பட்டதே அதற்கு உண்மையாகிறது.

இது கணினியோடு தோன்றிய பிரச்சினையன்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்னும் கேள்வி எழுந்திருந்த காலம் அது. மறுஆண்டே முதலாவது முஸ்லிம் உறுப்பினர் நியமனம் பெற்றார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். இவ்விரு ஆக்கங்களும் ஆங்கிலத்தில், கொழும்பு மேட்டுக்குடியினரின் அரசியற் போட்டியிற் பிறந்தவை. போடியாரின் வட்டையில் உழைத்த முல்லைக்காரனின் குரலோ மருதமுனை நெசவாளியின் குரலோ அவ்விவாதத்தில் இல்லை. எழுத்தின் மீதான உரிமை உற்பத்தியுறவுகளிலிருந்து பிரிக்கமுடியாதது என்பதற்கு இது தக்க சான்றாகும். இவ்விவாதத்தை இன்று வாசிக்கும் இயந்திரம், எக்கூற்று எத்தனை முறை பதிவாகியுள்ளது என்று கணிக்கலாம்; அது எந்த நலனுக்காக எழுதப்பட்டது என்பதை எண்ணிக்கை காட்டாது.

ஆகவே இயந்திரத்தை நிராகரிப்பது நமது நிலைப்பாடன்று. 2005 முதல் நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் ஆவணப்படுத்தி வருகின்றது. ஆயினும் அச்சில் வந்தவற்றை மட்டும் சேமித்தல் போதாது. பெண்களின் கவிகள், குடிமரபுச் செய்திகள், வயலிலும் தறியிலும் உழைத்தோரின் நினைவுகள் ஆகியவற்றைச் சொன்னவர், ஊர், ஆண்டு ஆகிய விபரங்களோடு பதிவுசெய்தல் வேண்டும். ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் நமது ஆய்வாளர்க்கும் உரிய கடமை இது. அதனை நாம் செய்யாவிடின், இம்மக்களைப் பற்றிப் பிறர் எழுதியவையே இம்மக்களின் வரலாறாக நாளை இயந்திரங்களாற் கற்கப்படும்.