பீங்கானுக்குப் பூட்டிய பூண்

உலக்கைக்கு இரும்புப் பூணும், வலம்புரிச் சங்குக்கு வெள்ளிப் பூணும், உருத்திராக்கத்துக்குப் பொற்பூணும் சிறுபிராயந்தொட்டுக் கண்டு பழகிய நமக்கு, பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்துப் பிரபுக்கள் சீனத்துப் பீங்கான் கலசங்களுக்குப் பொன்முலாம் பூசிய வெண்கலத்தால் பீடமும் பிடியும் விளிம்பும் அமைத்துக் கூடங்களில் வைத்துக்கொண்ட செய்தி விசித்திரமாகத் தோன்றாது.

இராயபுரத்துக் கரைக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. துறைமுகம் என்று ஒன்றில்லாத அக்காலத்துச் சென்னையில், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. சீனப் பண்டங்கள் இக்கடற்கரை வழியே கைமாறி மேனாடு சென்றமையால், சோழமண்டலம் என்னும் பெயர் பறங்கியர் நாவில் கோரமண்டலாகத் திரிந்து, சீனர் அரக்குப் பூசிச் செதுக்கிய மடக்குத் திரைகளோடு ஒட்டிக்கொண்டது. நம் தச்சர் ஒருவரும் உளிவைத்தறியாத அத்திரைகளைப் பாரிஸ் மரவேலைக்காரர் அறுத்து அலமாரிகளிலே பதித்து வெண்கலப் பூண் பூட்டிய பின்னும், பெயர் மட்டும் நம்முடையதாகவே நிலைத்தது.

பூண் பூட்டும் இவ்வேலையை நடத்தியவர் கம்மியர் அல்லர், வணிகர். வார்ப்பவன் ஒருவன், முலாமிடுபவன் மற்றொருவன் என்று குலமுறைச் சங்கங்கள் தொழிலைப் பங்கிட்டிருந்த நாட்டிலே, யாவரையும் ஏவிப் பொருளை உருவாக்குவித்தவர் இவ்வணிகரே. அவர்களுள் லசார் துவோ என்பவர் 1748 முதல் 1758 வரை எழுதிவைத்த நாட்கணக்கு இன்றும் உள்ளது. பிரெஞ்சு அரசரின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டி அவருடைய வாடிக்கைக்காரர். முலாமிடும் முறை எப்படியென்றால், பொன்னைப் பாதரசத்திலே குழைத்து, வெண்கலத்தின்மேல் தடவி, நெருப்பிற் காட்ட, ரசம் ஆவியாய்ப் போய்ப் பொன் பற்றி நிற்கும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்குக் கைநடுக்கமும் நோயும் கூலியோடு சேர்ந்து கிடைத்தன.

1745 முதல் 1749 வரை அந்நாட்டில் செம்பு கலந்த பண்டங்களுக்கு வரி விதித்து, முடி கவிந்த ‘சி’ என்னும் எழுத்தை முத்திரையாகப் பொறித்தார்கள். அதே காலத்தில், 1746இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே கைப்பற்றிய சென்னை, 1749 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது என்பது வேடிக்கையான பொருத்தம்.

எல்லாப் பூணும் அழகென்று சொல்லமாட்டேன். கழுத்தை அறுத்து, வாசனைத் திரவியம் வைக்கும் பாத்திரமாக மாற்றிய கலசங்களும் உண்டு. அது அலங்காரம் அன்று, அங்கஹீனம். பச்சை மெருகேறிய பீங்கானின் மௌனத்தைக் கலைக்காமல் அடியிலும் வாயிலும் மட்டும் பொன் தொட்டு நிற்கும் கலசங்களே என் நெஞ்சுக்கு உகந்தவை.

திருவொற்றியூரில் புற்று வடிவான ஆதிபுரீசுவரரை ஆண்டு முழுதும் கவசம் மூடியிருக்க, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாளில் மட்டுமே அதைக் களைந்து தரிசிக்கிறோம். மண்ணின் மென்மையை உலோகம் காக்கும் அந்த முறையை நினைக்கையில், டப்ளின் காட்சிசாலையில் உள்ள ஒரு வெண்பீங்கான் கலசமும் நினைவுக்கு வருகிறது. பதினான்காம் நூற்றாண்டிலேயே ஐரோப்பா சேர்ந்து, முலாமிட்ட வெள்ளிப் பூண் பெற்றுக் கெண்டியாக மாறிய அதன் பூணைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழற்றிவிட்டார்கள். 1713இல் எழுதிய வண்ணச் சித்திரம் ஒன்றிலே இப்போது அப்பூணைப் பார்க்க முடியும். ஒற்றியூரிலோ மூன்று நாள் கழிந்ததும் கவசத்தை மீண்டும் சாத்திவிடுகிறார்கள்.