பெட்டிக்குப் பின்விளக்கு: குச்சவெளி வீதியில் படகும் நெல்லும் இழுப்போர் அறிய வேண்டிய வயர் வேலை

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தூரத்தில் குச்சவெளி இருக்கிறது. நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி ஊடாக வந்து, குச்சவெளியைக் கடந்து புல்மோட்டைக்குப் போகும் வீதிதான் இப்பகுதியின் உயிர்நாடி. ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் காடும். நெல், விறகு, வலை, ஐஸ் பெட்டி, பைபர் படகு என எல்லாமே இந்த வீதியால்தான் இழுத்துச் செல்லப்படுகின்றன.

போர்க்காலத்தில் இருட்டிய பின் இங்கு வீதிப் பயணம் அரிது. சோதனைச் சாவடிகளும் கடற்றொழில் கட்டுப்பாடுகளும் மக்களின் வேலையைப் பகலுக்குள் அடக்கி வைத்திருந்தன. பகல் வேலைக்குச் செய்த பெட்டிக்குப் பின்விளக்கு தேவைப்படவில்லை. 2009க்குப் பிறகு நிலைமை மாறியது. வீதி காப்பற் ஆனது, வாகனங்களின் வேகம் கூடியது, விடியுமுன்னே தொழிலுக்குப் போவதும் வழமையானது. ஆனால் பல பெட்டிகள் இன்னும் விளக்கில்லாமலே ஓடுகின்றன.

ஆபத்தைக் கணக்காகவே பார்க்கலாம். இருசக்கர உழவு இயந்திரம் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. பின்னால் 60 கிலோமீற்றர் வேகத்தில் மோட்டார் சைக்கிள் வருகிறது. அதன் தாழ்ந்த வெளிச்சத்தில் 40 மீற்றர் தூரத்தில்தான் பெட்டி தெரிகிறது என்றால், மோதுவதற்கு மூன்று வினாடிகளே மிச்சம். அதில் ஒரு வினாடிக்கு மேல் ஓட்டுநர் கண்டு உணர்வதிலேயே போய்விடும். போரில் உழைப்பாளியை இழந்து, மீள்குடியேறி, கடனில் படகு வாங்கிய குடும்பம் அந்த மூன்று வினாடியில் எல்லாவற்றையும் மறுபடி இழக்கலாம். இருட்டில் விளக்கின்றி இழுத்துச் செல்வது மோட்டார் வாகனச் சட்டப்படியும் குற்றம்.

ஏழு வயர்கள்

கார், வான், கப் போன்ற 12 வோல்ற் வாகனங்களையும் பெட்டியையும் இணைக்க உலகில் பல நாடுகளில் பயன்படுவது ஏழு முனை வட்டப் பிளக். ஐ.எஸ்.ஓ. 1724 என்ற தரத்தின்படி அதன் ஒழுங்கு இது:

1 – மஞ்சள்: இடது சிக்னல்
2 – நீலம்: பின் மூடுபனி விளக்கு (நமக்குப் பெரும்பாலும் தேவையில்லை)
3 – வெள்ளை: எர்த்
4 – பச்சை: வலது சிக்னல்
5 – மண்ணிறம்: வலது பின்விளக்கு
6 – சிவப்பு: பிரேக் விளக்கு
7 – கறுப்பு: இடது பின்விளக்கு

இந்த நிறங்களையே பின்பற்றினால், பெட்டியை வேறொருவரின் வாகனத்தில் கொழுவினாலும் விளக்குகள் சரியாக எரியும். வயரின் நிறத்தை மட்டும் நம்பாமல், பிளக்கில் பொறித்திருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். பெரிய லொறிகள் பல 24 வோல்ற். அவற்றின் பிளக் ஒழுங்கு வேறு, 12 வோல்ற் பல்பை அதில் போட்டால் உடனே எரிந்துவிடும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

வாகனத்தின் பின்விளக்கு வயரைச் சுரண்டி, பெட்டியின் வயரை முறுக்கிக் கட்டுவதுதான் வழமை. இது பழைய வாகனத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் பிரேக் பல்ப் ஒன்று 21 வாற். இரண்டு சேர்ந்தால் மூன்றரை அம்பியர். இந்த மேலதிகச் சுமையை வாகனத்தின் வயரும் ப்ளாஷரும் தாங்க வேண்டியிருக்கும். கணினிக் கட்டுப்பாடுள்ள புதிய வாகனங்களில் இப்படி இணைத்தால் விலை கூடிய பாகம் பழுதாகலாம்.

சரியான வழி ரிலே. இடது சிக்னல், வலது சிக்னல், பிரேக், பின்விளக்கு என நான்கு ரிலேக்கள் போதும். ஒவ்வொன்றிலும் 86இல் வாகன விளக்கின் வயர், 85இல் எர்த், 30இல் பற்றரியிலிருந்து நேராக வரும் வயர், 87இல் பெட்டிக்குப் போகும் வயர். வாகனத்தின் வயர் ரிலேக்குக் கட்டளை மட்டும் கொடுக்கும், சுமையைப் பற்றரி தாங்கும். பற்றரி முனைக்கு அருகிலேயே 15 அம்பியர் பியூஸ் கட்டாயம். ஹைபிரிட் கார்கள் பலவற்றுக்கு இழுவை வேலையை உற்பத்தியாளரே அனுமதிப்பதில்லை. கொழுக்கி பூட்டுமுன் கைநூலைப் பாருங்கள்.

இருசக்கர உழவு இயந்திரம்

இவற்றில் பலவற்றுக்குப் பற்றரியே இல்லை. முன்விளக்கு சிறு டைனமோவில் எரியும். இயந்திர வேகத்தோடு வெளிச்சமும் கூடிக் குறையும், இயந்திரம் நின்றால் விளக்கும் அணையும். பழுதாகி வீதியோரம் நிற்கும்போதுதான் பின்விளக்கு அதிகம் தேவை. எனவே பெட்டிக்குத் தனிப் பற்றரி வையுங்கள். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று, இரண்டு சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகள், ஒரு சுவிட்ச், 5 அம்பியர் பியூஸ் போதும். இரண்டும் சேர்ந்து 2 வாற் அளவே எடுத்தால் இரவு முழுவதும் தாராளமாக எரியும். வீட்டில் சார்ஜ் செய்யலாம், சிறிய சூரியத் தகடும் பொருத்தலாம்.

படகுக்கு விளக்குப் பலகை

படகு ஏற்றினால் அதன் பின்பகுதி பெட்டிக்கு வெளியே நீண்டு, பெட்டியின் விளக்குகளை மறைத்துவிடும். இதற்கு எளிய தீர்வு, விளக்குகளைத் தனிப் பலகை ஒன்றில் பூட்டி, படகின் பின்புறத்தில் கட்டுவது. கரைக்கு வந்ததும் கழற்றி வைக்கலாம், உப்புநீர் படாது.

23 அடிப் படகுக்கு 9 மீற்றர் வயர் வேண்டும். 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரில் இரண்டு பிரேக் பல்புகள் எரியும்போது 2 வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே இழக்கப்பட்டு, வெளிச்சம் மங்கும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு ஒரு வோல்ற்றுக்கும் குறைவு. எல்லா விளக்குகளின் மின்சாரமும் எர்த் வழியாகவே திரும்புவதால், அதற்கு 2.5 போடுவது நல்லது.

உப்புக்காற்று

கடலோரத்தில் விளக்கு எரியாமல் போவதற்குப் பல்பை விட எர்த்தே அதிகம் காரணம். பெட்டியின் இரும்பையும் கொழுக்கியையும் எர்த்தாக நம்பக்கூடாது, துரு ஏறியதும் தொடர்பு அறும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பிளக் வரை தனி எர்த் வயர் கொண்டுவர வேண்டும். முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றிய இணைப்புக்குள் ஈரம் தேங்கி, செம்பு பச்சை பிடிக்கும். இணைப்பை ஈயம் பற்றவைத்தோ அழுத்திப் பூட்டியோ, சூட்டில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். பிளக் முனைகளில் வாஸ்லின் பூசலாம். விளக்கு பெட்டியிலேயே இருந்தால், தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். சூடான பல்ப் நீர் பட்டால் வெடிக்கும், மின்சாரம் ஓடும் இணைப்பை உப்புநீர் விரைவில் அரித்துவிடும்.

பழுது பார்த்தல்

பிரேக் பிடிக்கும்போது சிக்னலும் சேர்ந்து மினுங்கினால், எர்த் பிழை. ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால், முதலில் பல்பையும் பிறகு அதன் வயரையும் பாருங்கள். சிக்னல் அடிக்கும் வேகம் மாறினால் ப்ளாஷரையும் பல்புகளையும் பாருங்கள். பியூஸ் அடிக்கடி போனால், வயர் எங்கோ இரும்பில் உரசுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பெரிய பியூஸ் போடுவதும், பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதும் வாகனத்துக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

வயர் வேலைக்கு வசதியில்லை என்றால்

பெட்டியின் பின் இரு மூலைகளிலும் சிவப்பு ஒளிதெறிப்பான் பூட்டுங்கள். பக்கங்களில் ஒளிதெறிக்கும் ரேப் ஒட்டுங்கள். சேறும் வைக்கோலும் அவற்றை மறைக்காமல் துடைத்துவிடுங்கள். இவை விளக்குக்கு ஈடாகாது. பின்னால் வருபவரின் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். வயர் வேலை முடியும் வரை இருட்டில் இழுப்பதைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால், பின்விளக்கு எரியும் இன்னொரு வாகனம் பெட்டிக்குப் பின்னால் வரட்டும்.

புறப்படுமுன் ஒருவர் பின்னால் நிற்க, மற்றவர் பின்விளக்கு, பிரேக், இரண்டு சிக்னல் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வாடைக் காலத்தில் மழையும் இருட்டும் சேர்வதற்கு முன்பாகவே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.