வந்து உட்கார ஒரு அறை

மரக்காணம்னு சொன்னா பாதிப் பேருக்கு உப்பளம் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு அது ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போற வழியில பஸ் நிக்கிற ஒரு ஊர். நான் அந்த ஊர்க்காரன். சென்னையில பொட்டி தட்டற வேலை. சனிக்கிழமை ஆனா ஒரு டிராப்-இன் சென்டருக்குத் தன்னார்வலரா போறேன். தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க, திருநங்கைகள், திருநம்பிகள், 'நான் யாருன்னே தெரியல'ன்னு குழம்பி நிக்கறவங்க, யாரா இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட் இல்லாம வந்து உட்காரலாம். அவ்வளவுதான் அந்த இடம். "நீ எதுக்குய்யா அங்க போறே?"ன்னு ஒரு அர்த்தத்தோட கேக்கறவங்க உண்டு. ரத்த தானம் பண்றவன்கிட்ட "உனக்கு ரத்த சோகையா?"ன்னு யாரும் கேக்கறதில்லையே மக்களே!

என் கதை இருக்கட்டும். இந்த மாதிரி அறைகள் நம்ம ஊருக்கு எப்படி வந்தன என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதலில் லண்டன். அங்கிருந்து ஆரம்பிக்க ஒரு காரணம் இருக்கு. இங்கிலாந்தில் 1967-ல் வயது வந்த ஆண்களின் தன்பால் உறவு, சில நிபந்தனைகளோடு, குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சட்டம் மாறினாலும் யாரிடம் போய்ப் பேசுவது? 1974 மார்ச் 4-ஆம் தேதி கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஹவுஸ்மன்ஸ் என்ற புத்தகக் கடைக் கட்டிடத்தில் கே ஸ்விட்ச்போர்டு என்ற தொலைபேசிச் சேவை தொடங்கியது. சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள் போனை எடுத்தார்கள். தங்க இடம் வேணுமா, வக்கீல் வேணுமா, இல்ல சும்மா யாராவது பேசணுமா, எல்லாவற்றுக்கும் அதே நம்பர்தான். எட்டு, பத்து வருஷம் கழித்து எய்ட்ஸ் வந்தபோது, பயந்துபோய் போன் பண்ணியவர்களுக்குப் பதில் சொல்ல அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

அதாவது அங்கே அறை முதலில், நோய் பிறகு. நம்ம ஊரில் இது தலைகீழ். இந்த வரிசையை மனசுல வச்சுக்குங்க. இந்தப் பதிவே இதைச் சுத்தித்தான்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-ல் நிறைவேறியது. அதன் 377-ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றம் என்றது. உப்பளத்து ஊர்க்காரனுக்கு இதில் ஒரு கணக்கு தோணாம இருக்காது. எங்க ஊர் உப்புக்கு வரி போட்ட அதே வெள்ளைக்கார ஆட்சி எழுதிய சட்டம்தான் இது. உப்பு வரி 1947-ல் போய்விட்டது. 377 மட்டும் அதற்கப்புறமும் எழுபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. உப்புக்காகத் தண்டி வரைக்கும் நடக்க ஆள் இருந்தது. இதற்காக நடந்தால் நடந்தவன் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் யாரும் நடக்கவில்லை.

கதவு திறந்தது நோயால். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் நடத்திய ஆய்வில், ஆறு பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அதுதான் முதல்முறை. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அரசாங்கம் வேறு வழியில்லாமல் விழித்தது. 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம். 1995-ல் அமெரிக்க நிதியுதவியோடு தமிழ்நாட்டில் அபாக் என்ற திட்டம். பார்க்கிலும் பீச்சிலும் இருட்டில் சந்தித்துக்கொள்ளும் ஆண்களிடம் போய்ப் பேச யாராவது வேண்டும் என்ற தேவை அப்போதுதான் அதிகாரிகளுக்குப் புரிந்தது. 1998-ல் சுனில் மேனன் சென்னையில் 'சகோதரன்' அமைப்பைத் தொடங்கினார். பம்பாயில் அசோக் ராவ் கவியின் ஹம்சஃபர் அறக்கட்டளை அதற்கு முன்பே, 1994-ல் தொடங்கியிருந்தது. வந்து உட்கார ஒரு அறை, குடிக்கத் தண்ணி, கூட நாலு பேர், கூடவே ஆணுறையும் ரத்தப் பரிசோதனையும்.

அந்தக் காலத்தில் இந்த வேலை செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு லக்னோ ஒரு உதாரணம். 2001 ஜூலையில் அங்கே எச்.ஐ.வி. தடுப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்த பரோசா அறக்கட்டளை, நாஸ் ஃபவுண்டேஷன் இன்டர்நேஷனல் ஊழியர்கள் நாலு பேரை போலீஸ் 377-ல் கைது செய்தது. விழிப்புணர்வுப் புத்தகங்களைக்கூட ஆபாசம் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். 47 நாள் ஜெயில். அரசாங்கம் ஒரு கையால் "போய் ஆணுறை கொடு" என்று அனுப்புகிறது, இன்னொரு கையால் விலங்கு மாட்டுகிறது!

அதே 2001 கடைசியில் நாஸ் அறக்கட்டளை 377-ஐ எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேயும் நோய்தான் துணைக்கு வந்தது. சட்டம் இருக்கும்வரை ஆட்கள் ஒளிந்துகொள்வார்கள், நோயைத் தடுக்க முடியாது என்பது முக்கிய வாதங்களில் ஒன்று. 2006-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் அதையே பிரமாணப் பத்திரத்தில் சொன்னது. உள்துறை அமைச்சகமோ சட்டம் வேணும் என்றது. ஒரே அரசாங்கம், ரெண்டு வாய். 2009 ஜூலை 2-ல் வெற்றி. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6-ல் மறுபடி வெற்றி. வயது வந்தவர்கள் மனசொத்து வாழ்வது குற்றமில்லை என்றானது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

சரி, நோய் முதலில் வந்ததால் என்ன கெட்டுப்போச்சு? இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, எக்செல்லில் பார்த்தேன். பொட்டி தட்டறவன் எங்க போனாலும் "தம்பி, இந்த ஷீட்டைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடு"தான். சென்டரின் மாதாந்திர ரிப்போர்ட்டில் காலங்கள் இருந்தன: எத்தனை பேரைச் சந்தித்தோம், எத்தனை ஆணுறை கொடுத்தோம், எத்தனை பேர் பரிசோதனைக்குப் போனார்கள். அழுதுகொண்டே வந்து மூணு மணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, போகும்போது "அடுத்த வாரமும் வரலாமா?" என்று கேட்டவருக்குக் காலம் இல்லை. பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் இல்லை, திருநம்பிக்கும் இல்லை. நோய்க் கணக்கில் அவர்கள் 'அதிக ஆபத்துள்ள குழு' கிடையாது. அதனால் அவர்களுக்கென்று பணமும் கிடையாது.

ஆனால் தமிழ்நாட்டின் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று அந்தக் காலம் இல்லாதவர்களால்தான் வந்தது. வீட்டை விட்டு மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினார். பிறகுதான் 2021 ஜூன் 7-ல் விரிவான உத்தரவு போட்டார். 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது, போலீஸ் தொல்லை கொடுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் வந்தது. 2022-ல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளும் திருத்தப்பட்டன. ஒரு நீதிபதிக்கே உட்கார்ந்து பேச ஒரு இடம் தேவைப்பட்டது பாருங்க.

எங்க விழுப்புரம் பக்கம் விஷயம் இன்னும் விசித்திரம். சித்திரை மாசம் கூவாகம் திருவிழா வந்தா (2019 வரை அது எங்க மாவட்டம், இப்ப கள்ளக்குறிச்சி) விழுப்புரம் லாட்ஜ் எல்லாம் திருநங்கைகளால நிறையும். டி.வி. வரும், அழகிப் போட்டி நடக்கும். 2008-ல் இந்தியாவிலேயே முதலில் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்ததும் நம்ம தமிழ்நாடுதான். பெருமைதான், சந்தேகமில்லை. திருவிழா முடிஞ்ச மறுநாள் மரக்காணத்துல இருக்கற ஒருத்தர் எங்க போவார்?

அப்படி ஒருத்தரைச் சென்டரில் சந்தித்தேன். பேச்சை வைத்தே எங்க பக்கம்னு தெரிஞ்சிடுச்சு. உப்பளத்துல வேலை. மழைக்காலத்துல பாத்தியெல்லாம் தண்ணி, வேலை இருக்காது. அப்பதான் வர நேரம் கிடைக்கும், ஆனா கையில் காசு இருக்காது. கடன் வாங்கி பஸ் ஏறி வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டதும் முகம் வெளுத்துப் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு டீ கிளாஸைக் கீழ வச்சிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "அண்ணே, ஊர்ல பாத்தா பேசிடாதீங்கண்ணே."

பேசறதில்லை. கடைத்தெருவில் எதிரெதிரே வந்தாலும் ரெண்டு பேரும் வேற பக்கம் பாத்துட்டுப் போறோம். சட்டம் 2018-லயே மாறிடுச்சு. எங்க ஊர்க் கடைத்தெருவுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் பஸ் ஏறி வரலை.

இப்ப கவலை என்னன்னா, நோயோட வந்த பணம் நோய் குறையக் குறையப் போய்டும். ஐதராபாத்தில் 2021-ல் தொடங்கிய மித்ர் கிளினிக், 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும் மூடப்பட்டது. வேறு நிதி கிடைத்த பிறகுதான் திரும்பத் திறக்க முடிந்தது. நோய் குறைவது நல்ல விஷயம். ஆனால் தனிமை அதோடு சேர்ந்து குறைவதில்லையே. நோய்க்காக மட்டும் திறந்த கதவு, நோய் போனதும் சாத்திக்கொள்ளும். லண்டன்காரர்கள் செய்த மாதிரி, மனுஷனுக்காகவே ஒரு அறை என்று இனிமேலாவது தொடங்கணும். பெரிய செலவில்லை. வாடகை, ஒரு போன், டீ, வாரத்தில் நாலு மணி நேரம் கொடுக்கிற சில பேர். அறிவுரை சொல்லாமல் காது கொடுக்கத் தெரிந்தால் போதும், அதற்குப் பயிற்சியும் தருகிறார்கள்.

அந்த எக்செல் ஷீட்டில் நான் ஒரு காலம் கூடுதலாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். தலைப்பு: 'சும்மா வந்தார்'. நிதி கொடுக்கிற யாரும் இதுவரை அந்தக் கணக்கைக் கேட்டதில்லை. ஒவ்வொரு மாசமும் அதிகம் நிரம்புவது அதுதான்.