இளவரசர்களின் பள்ளிக்கு வந்த மலையேறி

மேயோ கல்லூரி என்பது பெயரளவில்தான் கல்லூரி. சமஸ்தான வாரிசுகளைப் படிக்கவைக்க ஆங்கிலேயர்கள் அஜ்மீரில் 1875-இல் தொடங்கிய உறைவிடப் பள்ளி அது. முதல் மாணவர் ஆல்வார் மகாராஜா மங்கள் சிங், யானையும் ஒட்டகமும் பரிவாரமும் புடைசூழப் படிக்க வந்து இறங்கினார். ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்ப்பூர் என்று சமஸ்தானங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தனித்தனி மாளிகைகளே கட்டிக்கொடுத்தன. சமையல் தனி, பணியாட்கள் தனி, குதிரைகளும் தனி.

1954-இல் இந்தப் பள்ளிக்கு முதல்வராக வந்தார் ஜாக் கிப்சன். சமஸ்தானங்கள் அதற்குள் இந்தியாவோடு இணைந்துவிட்டன. ஜாகீர்கள் எனப்படும் மானிய நிலங்களை அரசே எடுத்துக்கொள்ள ராஜஸ்தானில் 1952-இல் சட்டமும் வந்துவிட்டது. யாருக்காகப் பள்ளியைக் கட்டினார்களோ, அவர்களுடைய காலமே முடிந்துகொண்டிருந்தது.

கிப்சன் 1908-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் படித்த ஹெய்லிபரி பள்ளி இருப்பது, கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு காலத்தில் தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த அதே வளாகத்தில்தான். அங்கிருந்து கேம்பிரிட்ஜ். 1937-இல் டேராடூன் வந்து, ஆர்தர் ஃபுட் தலைமையில் இரண்டாண்டுகளுக்கு முன் தொடங்கியிருந்த டூன் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

வந்த வருடமே மலை அவரை இழுத்துக்கொண்டது. யமுனை பிறக்கும் பக்கத்தில் நிற்கும் பந்தர்பூஞ்ச் சிகரம், 6,316 மீட்டர். இலங்கையை எரித்த அனுமன் வால் நெருப்பை அணைத்த மலை என்பது அந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. சக ஆசிரியர் ஜான் மார்ட்டினோடு கிப்சன் புறப்பட்டார். கூட வந்த ஷெர்பா இளைஞர், அப்போது வெளியுலகம் அறியாத டென்சிங் நோர்கே. அந்த முறை உச்சி கிட்டவில்லை. 1946-இல் மறுபடி முயன்றார். டூன் பள்ளியில் படித்த நந்து ஜயாலும் அந்தக் குழுவில் இருந்தார். அப்போதும் திரும்பத்தான் வேண்டியிருந்தது. 1950-இல் கிப்சனும் சேர்ந்து போன குழு வென்றது. சிகரத்தில் கால் வைத்த மூவரில் டென்சிங் ஒருவர். கிப்சன் அவர்களில் இல்லை. பதின்மூன்று வருடம் துரத்திய சிகரத்தை மற்றவர்கள் தொடுவதற்கு வழி செய்துகொடுத்த மனிதர் என்ற இந்த ஒரு தகுதிக்காகவே ஒரு பள்ளியை அவரிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்பேன்.

நடுவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியக் கடற்படையில் பணிபுரிந்தார். 1949-இல் டேராடூனில் முப்படைக்கும் பொதுவான பயிற்சிப் பிரிவு தொடங்கியது. இன்றைய தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் முன்னோடி அது. அங்கும் முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

மேயோவின் கதவுகள் மற்றவர்களுக்கும் திறக்கத் தொடங்கியது கிப்சனுக்கு முன்பே. ஆனால் அரச குடும்பத்துப் பிள்ளைகளும் வியாபாரி, அதிகாரி வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து வளரும் பள்ளியாக அது உருமாறியது அவருடைய பதினைந்து ஆண்டுகளில்தான். முன்னாள் மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை இந்தியா 1971-இல்தான் நிறுத்தியது. அந்த நாளுக்கு இளவரசர்களைத் தயார்செய்யும் வேலையை மேயோவின் வகுப்பறைகள் முன்னதாகவே தொடங்கிவிட்டன. வம்சப் பெருமையில் ஊறிய ஓர் இடத்தை இப்படித் திருப்புவது பந்தர்பூஞ்ச் ஏறுவதைவிடக் கடினமான காரியம்.

1965-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1969-இல் ஓய்வு பெற்ற கிப்சன் இங்கிலாந்துக்கு மூட்டை கட்டவில்லை. அஜ்மீரிலேயே வீடு அமைத்துக்கொண்டு, 1994-இல் அங்கேயே காலமானார்.

அவரோடு மலையேறிய நந்து ஜயால் டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் முதல் முதல்வரானார். 1958-இல் சோ ஓயு சிகரப் பயணத்தில் உயிரிழந்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)