பெல்ட் இல்லாத இடுப்பு

கைத்துப்பாக்கிக்கான உறை முதலில் வந்து அமர்ந்த இடம் குதிரையின் சேணம். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், சக்கரம் சுழன்று தீப்பொறி எழுப்பும் கைத்துப்பாக்கிகள் குதிரைப்படை வீரர்களிடம் வந்து சேர்ந்தன. முழ நீளம், நல்ல கனம். அதை இடுப்பில் செருகிக்கொண்டு யாரும் நடமாட முடியாது. சேணத்தின் முன்புறம் இடமும் வலமுமாக இரண்டு தோல் குழாய்களைத் தொங்கவிட்டு அவற்றில் செருகி வைத்தார்கள். குதிரைதான் சுமந்தது. சவாரி செய்பவர் இறங்கிவிட்டால் ஆயுதம் சேணத்திலேயே தங்கிவிடும்.

அங்கிருந்து மனித இடுப்புக்கு உறை வந்து சேர ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் 1836-இல் தன் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1847-இல் வந்த அவருடைய வாக்கர் ரிவால்வர் இரண்டு கிலோ எடை. அதுவும் சேணத்து உறைக்குத்தான் போனது. நான்கே ஆண்டுகளில், 1851-இல் வந்த நேவி ரிவால்வரின் எடை ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவு. இதை இடுப்பில் கட்டலாம். அப்போது கலிஃபோர்னியாவில் தங்க வேட்டை நடந்துகொண்டிருந்தது. சேணம் தைத்துக்கொண்டிருந்த தோல் கைவினைஞர்களே துப்பாக்கியின் உருவத்தை ஒட்டி ஒல்லியான உறை தைக்கத் தொடங்கினார்கள். இன்று நாம் திரைப்படங்களில் பார்க்கும் உறைகளுக்கெல்லாம் பாட்டன் அதுதான்.

இந்த இடத்தில் உறையின் வாழ்க்கையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அதை எடுத்ததாக யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள். உறை இனி பெல்ட்டில் வாழும். பெல்ட் இருக்க வேண்டுமென்றால் கெட்டித் துணியில் கால்சட்டை வேண்டும், அதில் பெல்ட்டைத் தாங்கும் இடுப்பு வேண்டும், மேலே ஒரு கோட்டு வேண்டும். ஆண் உடைக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டுக்குள் பெண் வரவே இல்லை. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் பெண்ணுக்கு நேர்ந்த சிக்கல்கள் அத்தனைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் பெண்கள் அதற்கு முன்பே ஆயுதம் சுமந்தவர்கள்தான். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண்களின் பை உடையில் தைக்கப்படவில்லை. நாடாவில் கோத்து, பாவாடைக்கு அடியில் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தனிப் பை அது; நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் உடையில் விட்டிருக்கும் பிளவு வழியாகக் கையை நுழைத்து எடுக்க வேண்டும். குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் உரோமக் குழாய் ஒன்றும் அவர்களிடம் இருந்தது. அதற்குள் அடங்கும்படி உள்ளங்கை அளவுத் துப்பாக்கிகளைச் செய்தார்கள். அவற்றில் சிலவற்றில் விசை வெளியே தெரியாது. உள்ளே மடிந்து கிடக்கும். சுத்தியலைப் பின்னால் இழுத்தால்தான் விசை கீழே இறங்கும். பையில் கிடக்கும் வேறு பொருள் எதுவும் பட்டு வெடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பெண்ணுக்கு உறை இல்லாத குறையைத் துப்பாக்கி செய்தவர் துப்பாக்கிக்குள்ளேயே தீர்க்கப் பார்த்திருக்கிறார். அந்தக் கவனம் பின்னால் வந்தவர்களிடம் நெடுங்காலம் இல்லாமல் போனது.

1790-களில் உடம்போடு ஒட்டிய மெல்லிய உடைகள் நாகரிகமாயின. அடியில் பை கட்டினால் புடைத்துத் தெரியும். இடுப்புப் பை மெல்ல மறைய, கையில் தொங்கும் சிறு பை வந்தது. பெண்ணின் உடைமைகள் அவள் உடம்பை விட்டுக் கைக்கு நகர்ந்தன. ஆயுதமும் அவற்றோடு போனது.

விதிவிலக்குகள் இருந்தன. 1886-இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித்தில் எடுத்த புகைப்படத்தில் பெல் ஸ்டார் என்ற பெண் நீண்ட உடையோடு குதிரையில் ஒருபக்கமாக அமர்ந்திருக்கிறார்; இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் துப்பாக்கி. ஆனால் அது ஊரறியக் கட்டியது. மறைத்து வைப்பது வேறு கலை. அந்தக் கலையில் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை பெண்ணுக்குக் கிடைத்தது கைப்பை ஒன்றுதான். நியூயார்க் காவல்துறையில் 1931-இல் சேர்ந்த மேரி ஷான்லி சாதாரணப் பெண்ணைப் போல் கடைத்தெருக் கூட்டத்தில் நடந்து, பிக்பாக்கெட்டுகளைப் பிடித்துப் பேர் வாங்கியவர். அவருடைய ரிவால்வர் கைப்பையில் இருந்தது. 1940-களில் அதே காவல்துறை தன் பெண் காவலர்களுக்குக் கொடுத்த தோள்பையில் துப்பாக்கிக்கும் இடம் உண்டு, ஒப்பனைப் பொருள்களுக்கும் இடம் உண்டு. ஆண் காவலருக்கு இடுப்பு; பெண் காவலருக்குப் பை. 1968-இல் இண்டியானாபொலிஸ் நகரில் பெட்டி பிளாங்கன்ஷிப், எலிசபெத் காஃபல் என்ற இருவர் இடுப்பில் துப்பாக்கி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ரோந்து வண்டியில் ஏறியதை அமெரிக்கக் காவல்துறை வரலாறு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ரோந்துக்குப் போனது பெரிய செய்தி. பெல்ட் கட்டியதும் எனக்குப் பெரிய செய்திதான்.

பெல்ட் கட்டியவுடன் இன்னொரு சிக்கல் வெளியே வந்தது. ஆணின் இடுப்பு ஏறக்குறைய நேர்கோடு. உறை செங்குத்தாகத் தொங்கும். பெண்ணின் இடுப்பு கீழே விரிகிறது. அந்த விரிவு உறையின் நுனியை வெளியே தள்ள, துப்பாக்கியின் பிடி உள்ளே சாய்ந்து விலா எலும்பில் குத்தும். உடற்பகுதி குட்டையானால் துப்பாக்கியை உருவ முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டிவரும். பிறகு உறையைக் கீழே இறக்கி, இடுப்பிலிருந்து சற்று விலக்கி வைக்கும் இணைப்புகள் வந்தன. சீருடைக்கு அது போதும். மறைக்க வேண்டியவருக்கு அதே விலகல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கிடையில் ஆணின் உறை சுறுசுறுப்பாக வளர்ந்தது. டெக்சஸின் எல் பாசோவில் 1920-களில் டாம் த்ரீபர்சன்ஸ் என்ற காவலரின் யோசனைப்படி எஸ்.டி. மையர்ஸ் பட்டறை தைத்த உறை, தேவையற்ற தோலையெல்லாம் வெட்டியெறிந்தது. 1970-களில் புரூஸ் நெல்சன் வடிவமைத்த சம்மர் ஸ்பெஷல் என்ற உறை கால்சட்டைக்கு உள்ளேயே போய் அமர்ந்தது. தோலின் சொரசொரப்பான புறம் வெளியே இருக்கும், நழுவாது. வாயில் விறைப்பான பட்டி, துப்பாக்கியை எடுத்த பிறகும் உறை சுருங்கி மூடிக்கொள்ளாது. அருமையான கைவேலை. ஆனால் இதுவும் பெல்ட்டையே நம்பியது.

1987-இல் ஃபுளோரிடா, தகுதியுள்ளவர் கேட்டால் மறைத்துச் சுமக்கும் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. டெக்சஸில் அதற்குக் காரணமான குரல்களில் ஒன்று சுசானா ஹப் என்ற பெண்ணுடையது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரின் லூபிஸ் உணவகத்தில் ஒருவன் சுட்டு 23 பேர் இறந்தார்கள். சுசானாவின் தாயும் தந்தையும் அதில் அடக்கம். அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் ரிவால்வரைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் அவர். அதைப் பிற்பாடு ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் சொன்னார். 1995-இல் டெக்சஸ் சட்டத்தை மாற்றியது.

சட்டம் மாறிய பிறகு கடைக்குப் போன பெண்களுக்கு என்ன கிடைத்தது? ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1989-இல் லேடிஸ்மித் என்று பெண்ணுக்கான ரிவால்வரைக் கொண்டுவந்திருந்தது. துப்பாக்கியைப் பெண்ணுக்காக மாற்றினார்கள். அதை வைக்கும் இடத்தைப் பற்றி யோசித்தவர் குறைவு. விற்பனையாளர் கைகாட்டியது மறுபடியும் கைப்பையைத்தான். இம்முறை துப்பாக்கிக்கென்று தனி ஜிப் அறை வைத்த பை.

கைப்பையை நான் ஏற்கவே மாட்டேன். பை என்பது கீழே வைக்கப்படும் பொருள்: நாற்காலி முதுகில், கடை வண்டியில், கார் இருக்கையில். பறிப்பவன் முதலில் பறிப்பதும் அதைத்தான். ஜிப்பைத் திறக்க ஒரு கை, எடுக்க ஒரு கை. 2014 இறுதியில் ஐடஹோ மாநிலத்துக் கடை ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை தாயின் பையைத் துழாவியது. அவர் வைத்திருந்தது அப்படித் தனி அறை உள்ள பைதான். குழந்தையின் கையில் துப்பாக்கி வெடித்துத் தாய் இறந்துபோனார். தாய்மார்களுக்கு இந்தப் பையைப் பரிந்துரைக்கும் எவரும் அந்தச் செய்தியை ஒருமுறையாவது முழுக்கப் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

உறையின் அடுத்த பிறவிக்கு வித்து வேறெங்கோ விழுந்திருந்தது. 1960-களில் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் விமானங்களின் உட்புறத்துக்காகக் கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டை உருவாக்கியது. சூடாக்கினால் இளகும், துப்பாக்கியின் மேல் அழுத்தி ஆறவிட்டால் அதே வடிவில் இறுகிவிடும். வியர்வையில் ஊறாது, நாளடைவில் தளராது. 1980-களில் பரவிய கிளாக் போன்ற துப்பாக்கிகளில் கட்டைவிரலால் போடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையை எது அழுத்தினாலும் சுடும். ஆகவே விசையை முழுக்க மூடும் கெட்டியான உறையே அதன் பூட்டு ஆகிவிட்டது. த்ரீபர்சன்ஸ் காலத்து உறை விசையைத் திறந்தே வைத்திருந்தது. இன்று அப்படிச் செய்தால் கொலைக்குச் சமம்.

பெல்ட்டை விட்டு விலகும் முயற்சிகளும் தொடங்கின. வயிற்றைச் சுற்றும் எலாஸ்டிக் பட்டை, தொடைப் பட்டை, உள்ளாடையில் தொங்கும் உறை. இவற்றில் வெறும் துணியாலான பட்டைகளைப் பற்றி எனக்குப் பயம் உண்டு: துணிக்கு மேலேயே விசையை அழுத்திவிட முடியும், உருவிய பின் வாய் மூடிக்கொள்ளும். மார்புக் கச்சையில் தொங்கும் உறையோ, சரிசெய்யும்போதெல்லாம் குழல் சொந்த உடம்பையோ பக்கத்தில் நிற்பவரையோ நோக்கும்.

உண்மையான திருப்பம் 2020 வாக்கில் பிலடெல்பியாவிலிருந்து வந்தது. ஃபில்ஸ்டர் பட்டறையின் எனிக்மா, கைடெக்ஸ் உறையை ஒரு தட்டில் பொருத்தி, அந்தத் தட்டுக்கே சொந்தமாக மெல்லிய பெல்ட் கொடுத்துவிட்டது. உடைக்கு அடியில் நேராக உடம்பில் கட்டிக்கொள்ளலாம். மேலே பாவாடையோ லெக்கிங்ஸோ கவுனோ, எதுவானாலும் சரி. தொப்புளுக்குச் சற்றுப் பக்கவாட்டில் அமர்த்தி, நுனிக்குப் பின்னே நுரைத் துண்டு ஒட்டினால் பிடி வயிற்றோடு சாய்ந்துகொள்ளும். நாடா கட்டிய பையின் இடத்துக்கு, இரண்டு நூற்றாண்டு சுற்றிவிட்டு, உறை திரும்பியிருக்கிறது. ஆணின் பெல்ட்டைக் கடன் வாங்காமல் பெண்ணுக்கு ஓர் உறை கிடைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

இது வந்த நேரமும் முக்கியம். 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை அமெரிக்காவில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்போது உரிமமே இல்லாமல் மறைத்துச் சுமக்கலாம். எந்த வகுப்புக்கும் போகாதவர்கூடச் சுமக்கலாம் என்று பொருள். ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதையும் சேர்த்து உறைதான் தாங்குகிறது.

ஆகவே தேர்ந்தெடுக்கும் வரிசை எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஒரு பெண் வாரம் முழுக்க உண்மையில் என்ன உடுத்துகிறார் என்பது முதலில். அந்த உடைக்குள் உடம்போடு நிற்கும் உறை அடுத்து. துப்பாக்கி கடைசி. கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. குண்டு இல்லாத துப்பாக்கியோடு உறையை வீட்டில் கட்டிப் பார்க்க வேண்டும்: காரில் உட்கார்ந்து, குனிந்து, குழந்தையைத் தூக்கி. கழிப்பறையை மறக்கக் கூடாது. பெல்ட் உறை அங்கே கால்சட்டையோடு கீழே சரிய, துப்பாக்கியைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு மறந்து வருபவர்கள் உண்டு. தனிப் பெல்ட்டில் இருப்பது இடுப்பிலேயே நிற்கும். திரும்பச் செருகும்போது நிதானமாக, கண்ணால் பார்த்து, விரலை விசையிலிருந்து விலக்கி, சட்டை நுனி உள்ளே போகாமல் செருக வேண்டும். தற்செயலாக வெடிக்கும் ஆபத்து அந்த நொடியில் அதிகம்.

இரவில் கழற்றும்போது துப்பாக்கியை உறையிலிருந்து உருவவே வேண்டாம். கொக்கியை விடுவித்தால் தட்டு, உறை, துப்பாக்கி மூன்றும் ஒன்றாகக் கையில் வரும். விசை மூடியபடியே இருக்கும். அப்படியே கொண்டுபோய் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம்.